கண் திறக்கும் காட்சி

மார்ச் 3, திங்கள்

இன்றும் படுத்தேன்.

காலையில் போனதும் மேக்கப். பிறகு ஆஸ்பத்திரி உடை. கட்டிலில் ஏறிப் படுத்ததும் மூக்கில் குழாய் வைத்துவிட்டார்கள். சுற்றி நின்றவர்கள் அழுதார்கள், சண்டை போட்டார்கள். ஒருவன் என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சபதமே செய்தான். நான் சும்மா கிடந்தேன். மதியம் எழுந்து சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு மறுபடி கோமாவுக்குப் போனேன். இதற்கும் நடிப்பு என்றுதான் பெயர்.

இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து அம்மா வேடம் நான்தான். ஜனவரியில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வீட்டில் நானும் அவரும் மட்டும்தான், வேறு யார் பார்ப்பார்கள்? லீவு கேட்டேன். எங்கள் தொழிலில் லீவுக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு நாள் கேட்டால் "அம்மா வெளியூர் போயிருக்காங்க" என்று ஒரு வசனம் போதும். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் விபத்து. தயாரிப்பாளரிடம் முறைத்துக்கொண்டால் சுவரில் மாலை போட்ட போட்டோ. எனக்குக் கார் விபத்து கிடைத்தது.

அப்பாவின் எலும்பு கூடிவிட்டது. என் கோமாதான் தெளியவில்லை. அம்மா படுத்த பிறகு சொத்துச் சண்டை சூடு பிடித்து, பார்ப்பவர்கள் கூடிவிட்டார்களாம். படுத்தே கிடக்கட்டும் என்று சேனல் சொல்லிவிட்டது.

என்னை எழுப்புவார்களா, போட்டோ ஆக்குவார்களா? என் கவலை மொத்தமும் இந்த ஒரு கேள்விதான். ஐம்பத்தொரு வயது. இது போனால் இன்னொன்று வராது. எழுதிவிட்டால் பயம் குறையும் என்பார்கள். குறையவில்லை.

மார்ச் 5, புதன்

அப்பா இன்றும் கேட்டார். "என்ன, இன்னைக்கும் உன் சத்தத்தையே காணோம்?"

கண் நரம்பு செத்து அவருக்குப் பார்வை போய் வருஷங்கள் ஆகின்றன. வேலையில் இருந்தவரை அச்சகத்தில் பிழை திருத்துபவர். அடுத்தவர் தப்பைத் தேடித் தேடியே சம்பளம் வாங்கிய மனிதர். கண் இருந்த காலத்தில் என் நாடகம் ஒன்றுக்குக்கூட வந்ததில்லை. மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்கும் குரல் என்று ஊரே சொன்னது. அவர் மட்டும் "கூத்துக்காரி" என்றார். கண் போன பிறகுதான் சாயங்காலம் தவறாமல் டி.வி. முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காதால் தொடர் பார்க்கிறார். முடிந்ததும் தீர்ப்பு. "ரெண்டாவது வாக்கியத்துல மூச்சு வாங்கற." "கோபம்னா கத்தணும்னு யார் சொன்னா?" நன்றாக இருந்தது என்று ஒரு நாளும் வாயில் வந்ததில்லை.

"நோயாளி எப்படிப்பா பேசுவா?" என்றேன்.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும். உன்ன வாயக் கட்டி வெச்சிருக்கான். எனக்கு இது நல்லதாப் படல."

எனக்கு மட்டும் நல்லதாகவா படுகிறது?

மார்ச் 10, திங்கள்

நிஜமாகவே தூங்கிவிட்டேன். குறட்டை வேறு. நாயகி அழுதுகொண்டிருந்தபோதாம். ரீடேக்.

மார்ச் 14, வெள்ளி

டைரக்டரிடம் நேராகவே கேட்டேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'அடுத்தது'. நல்லது கெட்டது எதையும் சொல்லமாட்டார். ஷாட் முடிந்தால் அதே முகத்தோடு "அடுத்தது" என்பார். தன் கல்யாணத்திலும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்பது மேக்கப் போடும் பெண்ணின் ஊகம்.

"சார், நான் எப்ப கண் திறக்கிறேன்?"

"திறப்பீங்க, திறப்பீங்க. கதை வரட்டும்."

மேனேஜரிடம் போனேன். "அதெல்லாம் சேனல் முடிவுக்கா. எங்க கையில என்ன இருக்கு?" என்றார். போன வருஷம்வரை இதே மனிதருக்கு நான் மேடம். நாற்காலி கொண்டுவரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார். இன்று அக்கா. நாற்காலியும் இல்லை. இப்படியே இறங்கினால் அடுத்த மாதம் 'ஏம்மா' ஆகிவிடுவேன்.

வீடு திரும்பும்போது பேருந்தில் கண் திறக்கும் காட்சியை மனதுக்குள் நடித்துப் பார்த்தேன். முதலில் விரல் அசையும். பிறகு உதடு. கண்ணைக் கடைசியில்தான் திறக்கவேண்டும். முதல் வார்த்தையில் குரலே இருக்கக்கூடாது. காற்று மட்டும். இரண்டாவது வார்த்தையில் குரல் வரவேண்டும். அந்தக் காட்சியை என்னைவிட நன்றாக யாரும் செய்யமுடியாது. திமிரில்லை. வேறு எது எனக்குத் தெரியும்? படுத்திருப்பவளுக்கு இதை யோசிக்கத்தான் நேரம் நிறைய இருக்கிறதே.

மார்ச் 20, வியாழன்

அழுதுவிட்டேன், கேமரா ஓடும்போதே.

என் தொடர் மகள் (இருபத்திரண்டு வயதுப் பெண், செட்டுக்கு வெளியிலும் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள்) என் கையைப் பிடித்துக்கொண்டு பேசவேண்டும். வழக்கமான வசனம்தான். "ஒரு தடவ என் பேரச் சொல்லிக் கூப்பிடும்மா, அது போதும்." காலையிலும் அப்பா என் சத்தத்தைக் காணோமே என்று கேட்டது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், கண்ணோரத்தில் ஒழுகி, காதுக்குள் போய்விட்டது.

"கட். கோமால இருக்கறவங்க அழமாட்டாங்கக்கா," என்றார் டைரக்டர். சரிதான். ஆனால் அதற்குப் பிறகு இமை நிற்கவே இல்லை. விளக்கு மேலே விழுந்தால் துடிக்கிறது, அசையாதே என்று நினைத்தால் இன்னும் துடிக்கிறது. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். மகள் ஒவ்வொரு தடவையும் புதிதாக அழவேண்டியிருந்தது, பாவம். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. மேடையில் பக்கம் பக்கமாக வசனம் பேசியவளுக்குச் சும்மா படுக்கத் தெரியவில்லை.

மார்ச் 24, திங்கள்

மேக்கப் போடும் பெண் தலை வாரும்போது மெல்லச் சொன்னாள். "அக்கா, ஆர்ட் டிபார்ட்மென்ட்ல உங்க போட்டோ கேட்டாங்க. பெருசா, பிரேம் போட்டு."

அவள் கையிலிருந்த சீப்பைப் பிடித்து நிறுத்தினேன்.

போட்டோ. பெரியதாக. பிரேம் போட்டு. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் தொழிலில் பச்சைக் குழந்தையும் சொல்லும். சுவரில் ஆணி அடிக்கவேண்டியதுதான் பாக்கி.

இன்றும் இமை துடித்தது. ரீடேக்கின்போது டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அது போதாதா? நேரத்தைத் தின்கிறவளை எதற்கு வைத்துக்கொண்டிருப்பார்கள்? ஒரே எபிசோடில் மானிட்டர் கோடு நேராகிவிடும். ஏதாவது செய்யவேண்டும். என்ன செய்யமுடியும் என்னால்? படுக்கத்தான் முடியும். அதையாவது ஒழுங்காகச் செய்யவேண்டாமா?

மார்ச் 25, செவ்வாய்

வழி கண்டுபிடித்துவிட்டேன். நானே போய் டைரக்டரிடம் சொன்னேன். "சார், கண்ணுல ஒரு ஆபரேஷன் பண்ணதா வெச்சு, கட்டுப் போட்டுடலாமா? இமை தெரியாது. ரீடேக்கே வராது."

அந்த மனிதர் முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். "நல்ல ஐடியாக்கா. நீங்க கதை எழுதப் போயிருக்கலாம்."

மேக்கப் போடும் பெண்ணுக்குத்தான் பிடிக்கவில்லை. பஞ்சை வைத்துக் கட்டும்போது முணுமுணுத்தாள். "இதைப் போய் நீங்களே கேப்பீங்களாக்கா? மூடின முகம் யார் முகமா வேணா திறக்கும்."

"கண்ணு மட்டும்தானே," என்றேன்.

கட்டுக்குள் இருட்டாக, இதமாக இருந்தது. எல்லாமே முதல் டேக்கில் ஓகே. "அடுத்தது, அடுத்தது" என்று போய்க்கொண்டே இருந்தார். இன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

போட்டோ எதற்கு என்று தெரிந்துவிட்டது. மகளின் படுக்கைக்குப் பக்கத்து மேசையில் வைக்க. அவள் அம்மாவின் படத்தைப் பார்த்துப் பேசுவதாக ஒரு காட்சி. அவ்வளவுதான். சுவரும் இல்லை, ஆணியும் இல்லை. நான்தான் அரண்டுபோய்க் கிடந்திருக்கிறேன்.

தனியாகவே சிரித்தேன். "என்ன?" என்று அப்பா கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று ஆஸ்பத்திரியில் தீ விபத்து. கதையில்தான். கட்டில் எரியவில்லை, தலையணை எரியவில்லை, பக்கத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நர்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் முகத்துக்கு மட்டும் காயம். அந்தத் தீக்கு நல்ல குறி. நெற்றி முதல் கழுத்துவரை கட்டு. மூக்குக்கும் வாய்க்கும் மட்டும் துளை.

மேக்கப் போடும் பெண் கட்டிக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் வாய் ஓயாதவள்.

எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொள்ள விருப்பமில்லை, அதுதான் உண்மை. பெரிய கட்டாகப் போட்டால்தானே பெரிய திறப்பு விழா? கட்டை மெதுவாகப் பிரிப்பார்கள், ஊரே காத்திருக்கும், உள்ளே நான். அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்கவேண்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஷூட்டிங்குக்குக் கூப்பிடவில்லை. மேனேஜருக்கு நானே போன் செய்தேன். "உங்களுக்கு சீன் இல்லக்கா. நல்லா ரெஸ்ட் எடுங்க."

கோமாவில் இருந்ததை விடவா ரெஸ்ட்?

ஏப்ரல் 15, செவ்வாய்

அப்பாவோடு உட்கார்ந்து தொடர் பார்த்தேன். எனக்கு சீன் இல்லை என்றார்களே. இருந்தது.

கட்டிலில் நான் படுத்திருந்தேன். முகம் முழுக்கக் கட்டு. மகள் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். கேமரா பாதத்துக்குப் பக்கத்தில் போனது.

அந்தக் கால் என் கால் இல்லை.

என் இடது கால் இரண்டாம் விரல் கோணல். நாடக நாட்களில் மேடைப் பலகை பெயர்ந்து விழுந்து முறிந்த விரல். அன்று கட்டுப் போட்டுக்கொண்டு மூன்றாம் அங்கத்தை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். திரையில் தெரிந்தது வழவழவென்று, நேரான விரல்கள். யாரோ ஒரு சின்ன வயதுக்காரி.

நான் என் வீட்டில் உட்கார்ந்து நான் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்காவது வாயத் திறந்தியா?" என்று அப்பா கேட்டார்.

"இன்னும் இல்லப்பா."

ஏப்ரல் 16, புதன்

படுக்கக்கூட நான் வேணாமா? பொணம் மாதிரி கெடக்கறதுக்குக்கூடவா? லீவு கேட்டது தப்பா? அப்பாவ அப்படியே தரையில விட்டுட்டுப் போயிருக்கணுமா? கட்டுப் போடுங்கன்னு நானே போய்ச் சொன்னேனே. நானே. யாரும் கேக்கல, யாரும் சொல்லல. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டேன். வாய் இருந்தா பிழைக்கலாமாம். அந்த வாயாலதானே கெட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

செட்டுக்குப் போனேன். யாரும் கூப்பிடாமல் ஒரு செட்டுக்குள் நுழைவது இதுதான் முதல் தடவை. வாசல் காவலாளி வணக்கம் சொல்லிவிட்டு, எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரியாமல் விழித்தார்.

நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் முகமெல்லாம் கட்டோடு ஒருத்தி உட்கார்ந்து, வாய்த் துளை வழியாக ஸ்ட்ரா வைத்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் நிற்கிற துணை நடிகைகளில் ஒருத்தி. என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்துவிட்டாள். "உக்காருங்கம்மா," என்றாள். என் முகம் இருக்கவேண்டிய இடத்திலிருந்து குரல் வந்தது. அவள்மேல் எனக்கு என்ன கோபம்? உட்கார்ந்தேன்.

மேனேஜர் வந்தார். சுற்றி வளைத்தார். கடைசியில் சொன்னார். பிளாஸ்டிக் சர்ஜரி. கட்டைப் பிரிக்கும்போது வேறு முகம். சேனல் வேறு மொழித் தொடரிலிருந்து ஒரு நடிகையைக் கொண்டுவருகிறது. "வயசு கொஞ்சம் கம்மியாத் தெரியணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்கக்கா. எப்படி மாத்தறதுன்னுதான் தெரியாம இருந்தோம். அந்தக் கட்டு வந்ததும் ஈஸியாயிடுச்சு."

நன்றி சொல்லாத குறை.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்னு நெனச்சோம்க்கா. நீங்கதானே கேட்டீங்க?"

டைரக்டர் தூரத்தில் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார், தலை திருப்பவில்லை. மகள்தான் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். கிளிசரின் இல்லாத அழுகை. "நான் அவங்களையும் அம்மான்னுதான் கூப்பிடணும். என்ன செய்யட்டும்மா?"

"கூப்பிடு. அது உன் வேலை," என்றேன். அதைச் சொல்லும்வரை குரல் உடையாமல் பார்த்துக்கொண்டேன். தெருமுனை தாண்டியதும் முடியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அதனால் தினமும் காலையில் ஷூட்டிங் போவதுபோலக் கிளம்புகிறேன். எங்கே போவது? பூங்காவில் உட்கார்ந்தால் பார்ப்பவர்கள் பேச வருகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் பகுதிதான் வசதி. நாள் முழுக்க பெஞ்சில் கிடந்தாலும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அங்கிருந்தே எல்லோருக்கும் போன். சினிமாக் கம்பெனிகள் முதலில். சினிமா எனக்கு எப்போதுமே மாற்றாந்தாய்தான். ஒரு படத்தில் மூன்று நாள் நடித்தேன், தியேட்டரில் என் முதுகு மட்டும் வந்தது. இன்னொன்றில் டாக்டர், "மன்னிச்சிடுங்க" என்று ஒரே வார்த்தை. அவர்கள் இப்போதும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். "உங்க வயசுக்கு இப்ப ஒண்ணும் இல்ல மேடம், மன்னிச்சிடுங்க." மற்ற தொடர்களில், நீங்கள் இன்னும் அந்தத் தொடரில்தானே படுத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். பழைய நாடகக் குழுத் தலைவர் குரலைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார். பிறகு அரைமணி நேரம் தன் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசினார். குழு கலைந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"நீங்க அவங்கதானே? எப்பம்மா கண்ணு முழிப்பீங்க? அந்தப் பொண்ணு ரொம்ப அழுவுது."

சீக்கிரம், என்றேன்.

மே 5, திங்கள்

மேனேஜர் போன். "மேடம், நல்லா இருக்கீங்களா?"

மேடம் திரும்ப வந்ததுமே உஷாராகியிருக்கவேண்டும். விஷயம் இது: புது நடிகைக்கு நம் மொழி ஒரு எழுத்தும் தெரியாது. வசனத்துக்குப் பதிலாக ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணிக்கொண்டு வாயசைக்கிறாளாம். டப்பிங்குக்குப் பல பேரைப் பார்த்துவிட்டார்கள், சேனலுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. முகம் மாறினால் பார்ப்பவர்கள் பழகிக்கொள்வார்களாம், குரலும் மாறினால் அம்மா இல்லை என்று சொல்லிவிடுவார்களாம். இத்தனை நாளும் எனக்கு நானேதான் குரல் கொடுத்தேன். நாடகக்காரி, அடுத்தவள் குரலில் பேசமாட்டேன் என்று அடம்பிடித்து வாங்கிய உரிமை அது.

"நீங்க வெள்ளிக்கிழமை வந்து பேசிட்டுப் போயிடுங்க மேடம். மேக்கப் வேணாம், வெயில் வேணாம். ஏ.சி. ரூம்."

போனை வைத்துவிட்டேன்.

முகத்த எடுத்துக்கிட்டீங்க, காலக்கூட எடுத்துக்கிட்டீங்க. இப்ப தொண்டை மட்டும் வேணுமா? அறுத்துக் குடுத்துடவா? எண்ணிக்கிட்டு வாயாட்டறவளுக்கு நான் உயிர் ஊதணுமா? மாட்டேன். பட்டினி கிடந்தாலும் மாட்டேன்.

மே 6, செவ்வாய்

காலையில் கிளம்பிக் கதவைத் திறந்தேன். அப்பா நாற்காலியிலிருந்து கூப்பிட்டார்.

"இங்க வா. கிட்ட வா."

போனேன். என் கையைப் பிடித்து முகர்ந்தார்.

"தினமும் போயிட்டு வர. மேக்கப் வாசனையே இல்ல. ஆஸ்பத்திரி வாசனைதான் வருது. உனக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லப்பா."

"அப்ப அவங்க உன்ன எடுத்துட்டாங்களா?"

வாழ்நாளெல்லாம் பிழை பிடித்தவரிடம் என்ன மறைக்கமுடியும்? ஆனால் அவர் அடுத்துச் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"நீ நாடகத்துக்குப் போனப்ப உன்ன ரொம்பப் பேசினேன். எனக்கு இப்ப பகலும் ராத்திரியும் ஒண்ணுதான். சாயங்காலம் உன் சத்தம் வந்தாத்தான் ஒரு நாள் முடிஞ்சதுன்னு தெரியும். அது நின்னதுலேருந்து எனக்கு நாள் முடியவே மாட்டேங்குது. அதான் கேட்டேன். நீ போ."

அழக்கூடாது, அழுதால் கேட்டுவிடும். இமை துடித்தது. நல்லவேளை, அவருக்குத் தெரியாது.

"எடுக்கலப்பா," என்றேன். "இப்பதான் கண்ணு முழிக்கறேன். வெள்ளிக்கிழமை டப்பிங்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து மேனேஜருக்கு போன் செய்தேன்.

மே 9, வெள்ளி

டப்பிங் தியேட்டர். சுவரெல்லாம் மெத்தை வைத்த இருட்டு அறை, ஒரு மைக், ஒரு திரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர். காதில் ஹெட்போனை மாட்டியதும் என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

திரையில் கட்டைப் பிரிக்கிறார்கள். சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் என் குடும்பம். மகள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். துணி ஒவ்வொரு சுற்றாக விழுகிறது. எத்தனை நாள் பேருந்தில் உட்கார்ந்து இதை நடித்திருக்கிறேன். கடைசிச் சுற்று விழுந்தது. அழகான முகம். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். கண்ணைத் திறந்தாள். எடுத்த எடுப்பிலேயே கண். விரலும் இல்லை, உதடும் இல்லை. அட மக்கே, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மூல ஒலியில் அவள் சொன்னது: "ஒண்ணு, ரெண்டு, மூணு."

வசனம்: "அம்மா இருக்கேண்டா கண்ணு."

முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது, வெறுப்போடு வந்தது. இன்ஜினியர் நல்ல மனிதர். ரீலைத் திருப்பித் திருப்பிப் போட்டார். அப்போதுதான் கவனித்தேன். மகளைப் பார்க்கும்போது அவள் இடது இமை துடிக்கிறது. நடிப்பில்லை, பயம். தெரியாத ஊர், தெரியாத மொழி, சுற்றி நிற்கும் எல்லோரும் வேறொருத்தியை எதிர்பார்த்த முகத்தோடு. 'அடுத்தது' அதைக்கூட ரீடேக் கேட்கவில்லை.

அந்த இமையைப் பார்த்துக்கொண்டு பேசினேன். முதல் வார்த்தை காற்று மட்டும். இரண்டாவதில் குரல். அவள் செய்யாத விரலையும் உதட்டையும் சேர்த்துக் குரலிலேயே செய்தேன்.

பிறகு இன்ஜினியர் ஸ்பீக்கரில் சொன்னார். "இது போதும் மேடம். இன்னொண்ணு எடுக்க வேணாம்."

என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காட்சிகளில் இது ஒன்று. அதில் நான் இல்லை. இரண்டும் உண்மை. வெளியே வந்து டாய்லெட்டில் போய் ஓங்கி அழுதேன்.

மே 19, திங்கள்

இன்று அந்த எபிசோட் வந்தது. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டு விழுந்தது, முகம் வந்தது. படம் அப்படியே நின்றது. கீழே ஒரு வரி: இனி அம்மா வேடத்தில் இவர். பழைய பெயருக்குப் பதிலாகப் புதுப் பெயர். இசைகூட இல்லாமல் சில நொடிகள்.

"என்ன, சத்தமே இல்ல?" என்றார் அப்பா.

"விளம்பரம்பா."

பிறகு குரல் வந்தது. அப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். முடியும்வரை அசையவில்லை.

தீர்ப்புக்காகக் காத்திருந்தேன். "டி.வி.ய நிறுத்து, தூங்கணும்," என்றார்.

ஜூன் 3, செவ்வாய்

அப்பாவுக்கு நடைப்பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிப் பெண் வாரம் இருமுறை வருகிறாள். இன்று தாமதமாக வந்ததால் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

"அது எம் பொண்ணு," என்றார் அப்பா, திரைப் பக்கம் கையைக் காட்டி. இத்தனை வருஷத்தில் யாரிடமும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் திரையைப் பார்த்தாள். அந்தப் புது முகத்தை நன்றாகவே பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் அசைத்தேன்.

"ஆமாங்கய்யா," என்றாள். "குரலக் கேட்டாலே தெரியுதே."

அப்பா காலை நீட்டியபடியே சொன்னார். "முன்னெல்லாம் கொஞ்சம் கத்துவா. படுத்து எழுந்தப்புறம்தான் இவளுக்கு நடிப்பு வந்திருக்கு."

உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு டப்பிங்.